பெர்னினியின் காதலும் ஒரு சவரக்கத்தியும்

கேள்வி: சிற்பம் படிக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி பெர்னினி தன் காதலி கொஸ்தான்ஸாவை வடித்த மார்பளவுச் சிலையின் படத்தை ஃபோனில் வால்பேப்பராக வைத்திருந்தேன். அதே பெண்ணின் முகத்தை ஆள் விட்டுக் கிழித்தவரும் அவர்தான் என்று போன வாரம்தான் தெரிந்தது. ‘அந்த வெறி இல்லையென்றால் அந்தச் சிலையே இல்லை’ என்கிறான் விடுதி நண்பன். நான் படத்தை எடுத்துவிட்டேன். செய்தது சரியா?

பதில்: படம் உங்கள் ஃபோனில் இருந்தால் என்ன, போனால் என்ன தம்பி, அது உங்கள் இஷ்டம். நண்பர் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் அவர் வருடக் கணக்கைப் பார்க்கவே இல்லை.

சிலை 1636, 37 வாக்கில் செய்தது. கத்தி வந்தது 1638-இல். கொஸ்தான்ஸா, பெர்னினியின் பட்டறையில் வேலை பார்த்த மத்தேயோ என்ற சிற்பியின் மனைவி. அவளைத் தன் தம்பி லூயிஜியும் ரகசியமாகச் சந்திக்கிறான் என்று தெரிந்ததும் பெர்னினி அவனை இரும்புக் கம்பியால் அடித்து விலா எலும்பை உடைத்தார், அப்புறம் வாளோடு சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயம் வரை துரத்திக்கொண்டு போனார். வேலைக்காரன் கையில் சவரக்கத்தியைக் கொடுத்து அவள் வீட்டுக்கு அனுப்பியதும் இவர்தான். தாங்க முடியாமல் பெற்ற தாயே கர்தினாலுக்குக் கடிதம் எழுதி, மகனை அடக்குங்கள் என்று கெஞ்சினாள். வேலைக்காரனை ஊரைவிட்டு விரட்டினார்கள், முகம் கிழிபட்ட கொஸ்தான்ஸாவை அடைத்து வைத்தார்கள். பெர்னினிக்கு 3000 ஸ்கூதி (அந்தக் கால ரோம் நாணயம்) அபராதம் விதித்தார்கள், அதையும் போப் எட்டாம் உர்பான் தள்ளுபடி செய்துவிட்டார். அடுத்த வருடமே வேறொரு பெண்ணோடு கல்யாணம், பிறகு 11 பிள்ளைகள்! படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

சரி, அந்த வெறியிலிருந்து என்ன சிலை பிறந்தது? ஒன்றும் இல்லை. கையில் இருந்த சிலையும் வீட்டைவிட்டுப் போய்விட்டது, இன்று ஃபிளாரன்ஸின் பர்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தச் சிலையை இன்னொரு முறை பாருங்கள். யாரும் பணம் கொடுத்துக் கேட்காமல் தனக்காகவே செய்தது. தலைமுடி சரியாக வாரப்படவில்லை, உள்சட்டை கழுத்தருகே விலகியிருக்கிறது, உதடு லேசாகத் திறந்திருக்கிறது, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பவள்போல. கோபத்தில் இருப்பவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. உருவச்சிலை செய்யும்போது எதிரில் இருப்பவரை அசையாமல் உட்கார வைக்க மாட்டார் பெர்னினி, நடக்கவும் பேசவும் விட்டுவிட்டுப் பார்ப்பார். வாயை வடிக்க ஒருவர் பேசத் தொடங்கும் கணமோ பேசி முடித்த கணமோதான் சிறந்தது என்பார்.

அவருக்கு நாடகப் பைத்தியமும் உண்டு. தானே எழுதுவார், நடிப்பார், மேடையும் அமைப்பார். அவர் செய்த ‘புனித தெரேசாவின் பரவசம்’ சிலை இருக்கும் சிற்றாலயத்துக்குப் போனால் இரு பக்கமும், அதைச் செய்யச் சொன்ன கொர்னாரோ குடும்பத்தார் நாடகக் கொட்டகை மாடத்தில் உட்கார்ந்ததுபோல் சலவைக்கல்லில் இருப்பார்கள். கோபம்கூட ஒரு தடவை கல்லுக்குள் போயிருக்கிறது. புனித பேதுரு தேவாலயத்தில் அவர் கட்டிய மணிக்கூண்டை 1646-இல் இடிக்கச் சொல்லிவிட்டார்கள், அப்போது ‘காலம் வெளிப்படுத்தும் உண்மை’ என்று தனக்காக ஒரு சிலையைத் தொடங்கினார். உண்மையை ஒரு பெண்ணாகச் செதுக்கினார், காலத்தின் உருவத்தைச் செதுக்கவே இல்லை. அந்தக் கோபத்தில் யார் முகமும் கிழியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கொஸ்தான்ஸா கணவனிடமே திரும்பிப் போனாள், கலைப்பொருள் வாங்கி விற்கும் தொழில் செய்தாள், 1662 வரை வாழ்ந்தாள். வால்பேப்பரைத் திரும்ப வைப்பதானால் அவள் பெயரையும் அதில் எழுதி வையுங்கள்.

நண்பர் அடுத்த தடவை வாதத்துக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டாம். பென்சிலை எடுத்து, அவர் வாய் திறக்கும் அந்தக் கணத்தை வரையுங்கள்.