பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபையும் எச்டிஎம்ஐயும் போய்விட்டால் மதர்போர்டுதான் காரணமா?

கேள்வி: வீடு வேளச்சேரி, வேலை பெருங்குடியில். ஆறு வருடப் பழைய லேப்டாப்பில் உபுண்டுவும் விண்டோஸும் இருக்கின்றன. விண்டோஸ் பக்கம் போயே ஒரு வருடமாகிறது. போன வாரம் 'சிஸ்டம் ஃபர்ம்வேர் அப்டேட்' இருப்பதாக உபுண்டு காட்டியது, போட்டேன். மறுநாளிலிருந்து வைஃபை இல்லை. எச்டிஎம்ஐயில் மானிட்டர் வருவதில்லை. மூடிப் பைக்குள் வைத்தாலும் சூடாகிறது. டச்பேடை அழுத்தினால் க்ளிக் ஆவதில்லை, அது முன்பே கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் காட்டினால், "மதர்போர்டு போயிருக்கு, பதினாலாயிரம் ஆகும். இல்லன்னா விண்டோஸ் மட்டும் போட்டுப் பாக்கலாம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மதர்போர்டு போயிருந்தால் விண்டோஸ் போட்டு அதை எப்படிச் சரிசெய்வார்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கலாம். பதினாலாயிரம் உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் சொன்ன நான்கு கோளாறுகளில் மூன்று, பயாஸ் (உபுண்டு 'சிஸ்டம் ஃபர்ம்வேர்' என்று காட்டியது இதைத்தான்) செட்டிங் மாறியதால் வந்தவை என்றுதான் நினைக்கிறேன். கடைசியாகச் சொன்னது மட்டும் வேறு ரகம். அதை முதலில் பார்ப்போம்.

'முன்பே இறுக்கமாகத்தான் இருந்தது' என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. லேப்டாப்பை அணைத்து, சமமான மேஜைமேல் வையுங்கள். மூலையில் விரல் வைத்தால் ஆடுகிறதா? அடிப்பக்கம் புடைத்திருக்கிறதா? டச்பேடின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கும். உப்பி மேலே தள்ளும்போது க்ளிக் இறுகிப்போகும். இதற்கும் ஃபர்ம்வேருக்கும் சம்பந்தமில்லை. ஆறு வருடமும் நம்மூர் வெயிலும் போதும். சார்ஜில் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், நீங்களே நெம்பியும் எடுக்காதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மறுபடி போக வேண்டிய காரணம் இது ஒன்றுதான். பேட்டரியைக் கழற்றியபின் சார்ஜரில் மட்டும் லேப்டாப் ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பல மாடல்கள் ஓடும். மீதி வேலையை அப்படி வைத்தே செய்துகொள்ளலாம்.

சரி, இப்போது வைஃபையும் எச்டிஎம்ஐயும்.

உபுண்டு அந்த அப்டேட்டை எடுத்தது எல்விஎஃப்எஸ் என்ற சேவையிலிருந்து. லேப்டாப் தயாரிப்பாளர்களே அதில் ஃபைல்களை ஏற்றுகிறார்கள், எனவே ஏதோ கண்ட ஃபைல் உள்ளே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் பயாஸை மாற்றும்போது அதன் செட்டிங்குகள் சில சமயம் கடையில் வாங்கிய நாளின் நிலைக்கே திரும்பிவிடும். உபுண்டு போட்ட அன்று நீங்களோ போட்டுக் கொடுத்த நண்பரோ செக்யூர் பூட்டை ஆஃப் செய்திருப்பீர்கள். அது இப்போது தானாக ஆன் ஆகியிருக்கும்.

செக்யூர் பூட் ஆனில் இருந்தால், தான் நம்பும் டிஜிட்டல் கையொப்பம் உள்ள டிரைவரை மட்டுமே உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல் ஏற்றும். உபுண்டுவுக்கே கையொப்பம் உண்டு, அதனால் அது வழக்கம்போல பூட் ஆகிவிடுகிறது. குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. பிராட்காம் வைஃபை, என்விடியா கிராஃபிக்ஸ் ஆகியவற்றின் டிரைவர்கள் பல சமயம் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆனவை. பயாஸுக்குத் தெரிந்த கையொப்பம் அவற்றில் இருக்காது. எச்டிஎம்ஐ எங்கே வந்தது என்கிறீர்களா? இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா சிப்போடுதான் இணைந்திருக்கும். லேப்டாப் திரை இன்டெல் கிராஃபிக்ஸில் ஓடுவதால் அதில் ஒரு குறையும் தெரியாது. விண்டோஸ் டிரைவர்களுக்குக் கையொப்பம் இருப்பதால் கடைக்காரர் விண்டோஸ் போட்டால் எல்லாம் வந்துவிடும். பழி உபுண்டு, அதாவது லினக்ஸ் தலையில் விழும்.

ஊகத்தை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை, ஹைஃபனும் சிறிய 'கே'யும் சேர்த்துக் கொடுங்கள். வைஃபை கார்டின் பெயர் வந்து, அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லையென்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் ஏறவில்லை. சூடோவுடன் (அட்மின் அனுமதியோடு ஓட்ட) கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கொடுத்து 'ரிஜெக்டட்' என்ற சொல்லைத் தேடுங்கள். மோக்யூட்டில் கருவியில் இரண்டு ஹைஃபனும் எஸ்பி-ஸ்டேட்டும் சேர்த்துக் கேட்டால் செக்யூர் பூட் ஆனா ஆஃபா என்று ஒரே வரியில் சொல்லிவிடும். கார்டின் பெயரே பட்டியலில் இல்லையென்றால், பயாஸில் வயர்லெஸ் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது இன்டெல் வைஃபை கார்டு என்றால் நான் சொன்ன கதை பொருந்தாது. அதன் டிரைவர் கெர்னலோடு கையொப்பத்துடனேயே வருகிறது. அப்போது ஆர்எஃப்கில் கட்டளையில் வைஃபை பிளாக் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரிசெய்ய இரண்டு வழி. எது செய்தாலும் அதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெகவரி கீயை எடுத்து வையுங்கள். 48 இலக்க எண் அது, பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். பயாஸில் கை வைத்தால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். ஒரு வருடமாகப் போகவில்லை என்றாலும் பழைய வருமான வரி ஃபைல் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

சுலபமான வழி, பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆஃப் செய்வது. இரண்டு நிமிட வேலை. ஆபீஸுக்கும் எடுத்துப்போகும் லேப்டாப் என்பதால் நான் இரண்டாவதைச் செய்வேன்: செக்யூர் பூட்டை ஆனிலேயே விட்டு, உங்கள் டிரைவரின் கையொப்பச் சாவியை மெஷினுக்கு அறிமுகப்படுத்துவது. சூடோவுடன் 'அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி' கட்டளையை, இரண்டு ஹைஃபனும் என்ரோல்-கீயும் சேர்த்துக் கொடுங்கள், ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது கீயைத் தட்டி, என்ரோல் மோக் (மோக் என்பது அந்தச் சாவிதான்) தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். முதல்முறை நான் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் காபி எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நீலத் திரை வந்து போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து. இதற்கிடையில் இன்டர்நெட் வேண்டுமென்றால் மொபைலை யூஎஸ்பி டெதரிங்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

பைக்குள் சூடாவதும் பெரும்பாலும் இதே மாதிரிதான். பயாஸில் ஸ்லீப் ஸ்டேட் என்று ஒன்று இருந்து அது விண்டோஸ் என்று மாறியிருந்தால் லினக்ஸ் அல்லது எஸ்3 (பழைய ஸ்லீப் முறை) என்று வையுங்கள். அப்படி ஒரு தேர்வே இல்லையென்றால் பையில் வைக்கும்முன் முழுதாக அணைத்துவிடுங்கள். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் அதை அனுமதிப்பதே இல்லை.

புது பேட்டரி போடும்வரை உபுண்டு வேறு ஃபர்ம்வேர் அப்டேட் காட்டினால் தள்ளிப்போடுங்கள். சார்ஜரை மட்டும் நம்பி பயாஸ் எழுதும்போது வேளச்சேரியில் கரண்ட் போனால், அன்றைக்கு மதர்போர்டு நிஜமாகவே போய்விடும்.