ஒரு கண் கூர்மை, இன்னொரு கண் மங்கல்

வணக்கம் சார். போர்ட்ரெய்ட் எடுக்கவென்றே 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். பின்னணி அழகாகக் கரைகிறது. ஆனால் முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாகவும் இன்னொன்று மங்கலாகவும் விழுகிறது. எஃப் எண்ணைக் கூட்டினால் பின்னணி தெளிந்துவிடுமோ என்று பயம். எதில் வைத்து எடுப்பது?

ர.

அன்புள்ள ர.,

லென்ஸில் கோளாறு இல்லை. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, எண் கூடினால் திறப்பு சிறிது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது), 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். அதிலும் பாதி ஃபோகஸ் வைத்த கண்ணுக்கு முன்னால் போய்விடும். முகம் 45 டிகிரி திரும்பினால் மறுகண் 4 செ.மீ.க்கு மேல் பின்னே நிற்கும். எப்படிச் சிக்கும்? எஃப் 4-இல் இந்த ஆழம் 7 செ.மீ. ஆகிறது, 5.6-இல் 10. லேசாகத் திரும்பிய முகத்துக்கு 4 போதும், நன்றாகத் திரும்பினால் 5.6.

பின்னணி பற்றிய பயத்துக்கு வருகிறேன். அது கரைவதில் அபெர்ச்சருக்கு, அதாவது லென்ஸின் திறப்புக்கு, இருக்கும் அளவு பங்கு, ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்துக்கும் உண்டு. சுவரிலிருந்து அரை மீட்டரில் ஆளை நிறுத்தி 1.8-இல் எடுங்கள். பிறகு அதே ஆளை, பின்னால் ஆறு மீட்டர் காலியாக இருக்கும்படி நிறுத்தி, நீங்கள் அதே ஒன்றரை மீட்டரில் நின்று 4-இல் எடுங்கள். இரண்டாவதில்தான் பின்னணி அதிகமாகக் கரைந்திருக்கும். பலரும் ஆளைச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டு லென்ஸை மேலும் மேலும் திறக்கிறார்கள். காது, முடியெல்லாம் கரைந்து, முகம் முகமூடி மாதிரி ஆனதுதான் மிச்சம். (அதைப் பார்த்து ‘செம ப்ளர்’ என்று பாராட்டுபவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய!)

1.8-இலிருந்து 4-க்குப் போனால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கூட்டிக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) வந்தால் வரட்டும், ஃபோகஸ் தவறிய கண்ணை எந்த மென்பொருளும் சரியாக மீட்டுத் தராது. இருட்டில் வேறு வழியே இல்லையென்றால் 1.8-இலேயே எடுங்கள், ஆனால் முகம் உங்களை நேராகப் பார்க்கட்டும். இரண்டு கண்ணும் ஒரே தூரத்தில் வந்துவிடும். அப்புறம், ஃபோகஸ் செய்தபின் கேமராவைத் திருப்பி ஃப்ரேமை மாற்றாதீர்கள். 3 செ.மீ. ஆழத்தில் அந்த அசைவே போதும் கெடுக்க. ஃபோகஸ் புள்ளியையே கண்மேல் நகர்த்துங்கள்.

1.8 வீண் என்று சொல்லவில்லை. தூரம் இரட்டித்தால் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மூன்று மீட்டர் தள்ளி நின்று இடுப்புவரை எடுக்கும்போது அதே 1.8-இல் 13 செ.மீ. கிடைக்கிறது. உங்கள் லென்ஸைத் தைரியமாக முழுக்கத் திறக்க வேண்டிய இடம் அது.