‘அட்வான்ஸ்டு லினக்ஸ்’ புத்தகம்: வாங்கும் முன் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும்?

கேள்வி: லினக்ஸில் அன்றாடக் கமாண்டுகள் எனக்குப் பழக்கம். அடுத்து சர்வர் நிர்வாகம் கற்க ஒரு புத்தகம் தேடுகிறேன். எல்லாத் தலைப்பிலும் ‘அட்வான்ஸ்டு’, ‘மாஸ்டர்’ என்றுதான் இருக்கிறது. ஒரு பயிற்சி மையம் தன் வழிகாட்டி நூலோடு தேர்வுக்கான ‘கேள்வி வங்கி’யும் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? நல்ல நூலை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: முதலில் அந்தக் கேள்வி வங்கி. வாங்காதீர்கள். ‘டம்ப்’ என்று புழங்கும் இந்தச் சரக்கு, தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்துக் கடத்தி வந்த கேள்விகள். தேர்வருக்குள்ள ரகசிய ஒப்பந்தத்தை மீறித்தான் அது வெளியே வருகிறது. அதை வைத்துத் தேறியது தெரிந்தால் சான்றிதழ் ரத்தாகலாம். தவிர, ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ போன்ற தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. மெஷினைக் கையில் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். மனப்பாடம் அங்கே எதற்கு ஆகும்? ஆனாலும் வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழின் பெயரைப் பார்த்தே விண்ணப்பங்களைக் கழித்துக்கட்டுகிறார்கள். ஆளுக்கு என்ன தெரியும் என்று பத்து நிமிடம் மெஷின் முன் உட்காரவைத்துப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. அதுவரை டம்ப் விற்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

இனி புத்தகம். பொருளடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் போடுகிறார்கள். டிஸ்க் மவுண்ட் செய்யும் அத்தியாயத்துக்குப் போய், பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தும் பக்கத்தைப் படியுங்கள். மோசமான நூல் என்ன சொல்லும்? ‘எஸ்டிபி1 என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்க’. அவ்வளவுதான். எஸ்டிபி1 என்பது டிஸ்க் பார்ட்டிஷனுக்கு சிஸ்டம் வைக்கும் பெயர். இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்ததும் அந்தப் பெயர் வேறு டிஸ்க்குக்குப் போய்விடலாம். அந்தப் பெயரில் எதுவுமே இல்லாமல் போனால், பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடி காத்திருந்து பார்த்துவிட்டு, பழுதுபார்க்க மட்டும் உதவும் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். சர்வர் தொலைவில் இருந்தால், கன்சோல் வழி இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது.

நல்ல நூல் பிஎல்கேஐடி கமாண்டால் யூயூஐடியை, அதாவது டிஸ்க்கின் பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்ணை, எடுக்கச் சொல்லும். பழைய கோப்புக்கு ஒரு நகல் வைக்கச் சொல்லும். ரீபூட்டுக்கு முன்பே ‘மவுண்ட் -ஏ’ கொடுத்து எழுதிய வரி சரியா என்று பார்க்கச் சொல்லும். அவசியமில்லாத டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட் நிற்காமலிருக்க ‘நோஃபெயில்’ சேர்க்கச் சொல்லும். இவ்வளவுக்குப் பிறகும் எமர்ஜென்சி மோட் வந்துவிட்டால், ரூட் பார்ட்டிஷனை எழுதும் நிலையில் மறுபடி மவுண்ட் செய்து வரியைத் திருத்தும் வழியையும் எழுதியிருக்கும். கெட்டுப்போனால் மீள்வது எப்படி என்று சொல்லாத நூலுக்கு ‘அட்வான்ஸ்டு’ என்ற பெயர் பொருந்தாது.

பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கமாண்ட் பற்றிய பகுதியையும் பாருங்கள். ஒருவரைப் புதிய குரூப்பில் சேர்க்கப் பெரிய ‘ஜி’ ஆப்ஷனை மட்டும் கொடுத்தால், அவர் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குரூப்புகள் அனைத்திலிருந்தும் நீக்கப்படுவார். சூடோ உரிமை, அதாவது ரூட் அதிகாரத்தில் கமாண்ட் ஓட்டும் உரிமை, தரும் குரூப்பும் அதோடு போய்விடும். கூடவே சின்ன ‘ஏ’ வேண்டும். இந்த எச்சரிக்கை இல்லாத நூலை எழுதியவர் தன் கமாண்டுகளை ஓட்டிப் பார்க்காமல், எங்கிருந்தோ நகலெடுத்துத் தடிமன் கூட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பெர்மிஷன் டினைடு’ வந்தால் எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 போடு, பாதுகாப்பு அடுக்கான எஸ்ஈலினக்ஸை அணைத்துவிடு என்று சொல்லும் நூலை அந்தப் பக்கத்திலேயே மூடிவிடலாம்.

அட்டையில் போட்ட ஆண்டை நம்ப வேண்டாம். பழைய உள்ளடக்கத்துக்குப் புது அட்டை ஒட்டி ‘திருத்திய பதிப்பு’ என்று விற்பது பதிப்பகங்களின் வாடிக்கை. பயிற்சிக்குச் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷனை நிறுவச் சொன்னால் நூல் காலாவதி. அதற்கான ஆதரவு 2024 ஜூனில் முடிந்தது. சென்ட்ஓஎஸ் 8 அதற்கும் முன்பே, 2021 டிசம்பரில் நின்றுபோனது. நெட்வொர்க் அத்தியாயம் முழுக்க இஃப்கான்ஃபிக், நெட்ஸ்டாட் என்ற பழைய கமாண்டுகளிலேயே ஓடி, அவற்றின் இடத்துக்கு வந்த ‘ஐபி’, ‘எஸ்எஸ்’ கமாண்டுகளைத் தொடவே இல்லையென்றாலும் அதே கதைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கமாண்டுகளைக் கற்பிக்காமல் சிஸ்டம் எப்படி இயங்குகிறது என்று விளக்கும் நூல்களுக்கு வயது பெரிய குறையில்லை. ஓர் உதாரணம்: டிஸ்க் நிரம்பிவிட்டது, பெரிய லாக் கோப்பை அழிக்கிறீர்கள், ஆனால் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்ட் இன்னும் 100 சதவீதமே காட்டுகிறது. ஏன்? ஆர்எம் கமாண்ட் அழிப்பது கோப்பின் பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு பிராசஸ் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கமாண்டால் அந்தப் பிராசஸைக் கண்டுபிடித்து ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும். ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு), லிங்க் எண்ணிக்கை (அதற்கு உள்ள பெயர்களின் எண்ணிக்கை), ஃபைல் டிஸ்கிரிப்டர் (பிராசஸ் திறந்து வைத்துள்ள கோப்பைக் குறிக்கும் எண்) மூன்றும் புரிந்தவருக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். பழைய யூனிக்ஸிலும் இப்படித்தான், இன்றைய லினக்ஸிலும் இப்படித்தான். பிராசஸ் உருவாவது, சிக்னல், கோப்பு உரிமைகள் ஆகியவையும் அப்படியே. இவற்றைத் தெளிவாக எழுதிய நூல் 2005-இல் அச்சானதாக இருந்தாலும் வாங்குங்கள். அதிலுள்ள சர்வீஸ், நெட்வொர்க், ஃபயர்வால் அத்தியாயங்களை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, அவற்றுக்கு உங்கள் டிஸ்ட்ரிபியூஷனின் அதிகாரப்பூர்வ ஆவணத்தைப் படியுங்கள், அது இலவசம்தான்.