பாதி விலைக்குக் கொலம்பஸ் படகு: அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: பூங்காக்களுக்குச் சறுக்குமரம், ஊஞ்சல் மொத்தமாக சப்ளை செய்கிறேன். அடுத்து, பெரிய ராட்டினங்களை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்க ஆசை. ஆன்லைனில் ஒரு 'தொழிற்சாலை' நல்ல விலை சொல்கிறது. பேட்டரி டாஷிங் கார் பத்து, ஒரு குடை ராட்டினம், கூடவே பழைய கொலம்பஸ் படகு ஒன்று புதியதில் பாதி விலைக்கு. சிஇ சான்றிதழ் காட்டிவிட்டார்கள். 30 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். டாஷிங் காரை அப்புறம் பேசலாம், அந்தப் பழைய படகை மட்டும் இன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

முதலில் உங்களை மயக்கிய அந்த சிஇ சான்றிதழ். அது ஐரோப்பியக் குறியீடு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு இயந்திர விதிமுறையை எடுத்துப் பார்த்தால், பொழுதுபோக்குப் பூங்காவுக்கென்றே செய்யப்படும் சாதனங்கள் இதில் சேராது என்று ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் மோட்டாருக்கோ கன்ட்ரோல் பெட்டிக்கோ சிஇ இருக்கலாம், ராட்டினம் முழுவதற்கும் அந்த விதியின் பெயரில் ஒருவர் சான்றிதழ் நீட்டினால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ஐஎஸ்ஓ 9001 காட்டினாலும் இதே கதைதான், அது தொழிற்சாலை நிர்வாகத்தைப் பற்றியது, நீங்கள் வாங்கும் இயந்திரத்தைப் பற்றியது அல்ல. நீங்கள் கேட்க வேண்டியது ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்றே இருக்கும் தரநிலை: ஈஎன் 13814 அல்லது ஐஎஸ்ஓ 17842. அதன்படி செய்தோம் என்று வாயால் சொன்னால் போதாது. வடிவமைப்புக் கணக்கு, வெல்டிங் சோதனை அறிக்கை எல்லாம் வேண்டும், அவற்றில் இருக்கும் சீரியல் நம்பர் நேம் பிளேட்டில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்த நம்பர் விஷயத்தில் நான் சூடு பட்டவள். 'புத்தம் புதுசு' என்று வந்த குடை ராட்டினம், குதிரைகள் எல்லாம் கண்ணைப் பறித்தன. நேம் பிளேட்டில் கை வைத்துத் தடவியபோது அதன் ஓரத்தில், பெயின்டுக்கு அடியில், இரண்டு சின்னக் குழிகள் தட்டுப்பட்டன. பழைய பிளேட்டின் ரிவெட் துளைகள். அதற்குள் முழுப்பணமும் போய்ச் சேர்ந்திருந்தது.

அதனால்தான் படகு வேண்டாம் என்கிறேன். ஆடுகிற சவாரியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே வெல்டிங், அதே இணைப்பு ஆணி இழுபடுகிறது, தளர்கிறது, வருடக்கணக்கில். போதாததற்குத் துரு உள்ளிருந்து வரும். 2017-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் ஊசலாடும் சவாரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கை வரிசை முறிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். 18 வருடப் பழைய இயந்திரம், ஆய்வில் தேறி ஓடியதும்கூட. தாங்கும் உத்திரத்தின் உட்புறம் அரித்து, சுவர் மெலிந்து போயிருந்தது என்று பிறகு தயாரிப்பாளரே சொன்னார். வெளியே பெயின்ட் இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது, அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தடிமன் அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இந்தத் தொழிலில் நாலைந்து வருடம் ஓட்டி, அப்படி ஓர் ஆளும் கையில் இருந்தால் பழைய சரக்கைத் தொடுங்கள்.

சரி, டாஷிங் கார். பேட்டரி வகை என்பதால் மேலே மின்சாரம் தரும் கம்பி வலை வேண்டாம், தரை சமமாக இருந்தால் ஓடும், முதல் முறைக்கு நல்ல தேர்வுதான். பேட்டரிகள் கப்பலில் ஆபத்தான சரக்குக் கணக்கில் வரும், அந்தக் காகிதத்தை யார் தயார் செய்வது என்று இப்போதே பேசிவிடுங்கள். குடை ராட்டினத்துக்கு அது ஓடப்போகும் இடத்து மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று எழுதிக் கொடுங்கள். 50-க்குச் செய்த சாதாரண மோட்டாரை நேரடியாக 60-இல் மாட்டினால் ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், மேலே உட்கார்ந்திருப்பது குழந்தைகள். சுங்கத்தில் குடை ராட்டினம் 9508.22, டாஷிங் கார் 9508.23. 2022-இலிருந்து தனித்தனி எண், இன்வாய்ஸில் ஒன்றாகக் குழப்ப விடாதீர்கள்.

முப்பது சதவீதம் கேட்பது தப்பில்லை, தொழிலில் வழக்கமானதுதான். மீதி எழுபது எப்போது போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கன்டெய்னரில் ஏற்றும் முன் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் ஒருவர் போய், மனித எடைக்கு மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்து, அவர் அறிக்கை உங்கள் கைக்கு வந்த பிறகு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பணம் போகும் கணக்கு அந்தக் கம்பெனியின் பெயரிலேயே இருக்க வேண்டும், தனி ஆள் கணக்கு என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகங்களையும் முதல் ஆர்டரிலேயே சேர்த்து வாங்குங்கள்: சார்ஜர், பேரிங், சீட் பெல்ட், பம்பர் ரப்பர். விடுமுறை நாள் சாயங்காலம் ராட்டினம் நின்றால் பூங்காக்காரர் தொழிற்சாலையைக் கூப்பிட மாட்டார், உங்களைத்தான் கூப்பிடுவார், அன்றைக்கு பேரிங் உங்களிடம் இருந்தால் அவர் வேறு ஆளிடம் போகமாட்டார். ராட்டினம் ஒரு தடவை விற்கும், பேரிங் வருஷா வருஷம் விற்கும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அட்வான்ஸுக்கு முன்னால் பராமரிப்பு மேனுவலை அனுப்பச் சொல்லுங்கள், எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த இணைப்பை எத்தனை நாளுக்கொரு முறை பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிற மேனுவல். உண்மையில் தயாரிப்பவரிடம் அது இருக்கும். இடையில் நிற்கும் தரகரிடமிருந்து கலர் படம் போட்ட கேட்லாக்தான் மறுபடி வரும். எது வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.