மனசுவிட்டுப் பேச எங்க போறது? – வாசகிகள் கேள்வி பதில்

சப்போர்ட் குரூப், தெரபி ரெண்டையும் பத்தித்தான் இந்த இதழுக்கு அதிகமா கடிதம் வந்திருக்கு. பெயர் போட வேணாம்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, போடல.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு. ஆறு மாசமா எதுக்குன்னே தெரியாம அழுகை வருது. வேலைக்குப் போறேன், வரேன், எல்லாம் நடக்குது, ஆனா எதுலயும் ஒட்டுதலே இல்ல. தோழி ஒருத்தி சப்போர்ட் குரூப்ல சேருங்கிறா, இன்னொருத்தி தெரபிஸ்ட்டப் பாருங்கிறா. வீட்டுக்காரர் "என்கிட்ட பேசினா போதாதா"ங்கிறார். எதைத்தான் செய்யறது?

பதில்: முதல்ல உங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு வரேன். அவர்கிட்ட பேசுங்க, கண்டிப்பா பேசுங்க. ஆனா நீங்க சொல்ற பாதி விஷயத்துல அவரும் ஒரு ஆளா இருப்பார், கேக்கும்போதே அவருக்கு வலிக்கும், உடனே சமாதானம் சொல்லணும்னு தோணும், இல்ல தன் பக்க நியாயத்தை எடுத்து வைக்கணும்னு தோணும். அது அவர் தப்பும் இல்ல, உங்க தப்பும் இல்ல, நெருங்கினவங்ககிட்ட பேசறதுல இருக்கிற சிக்கல் அது. அந்தச் சிக்கல் இல்லாத ஒரு ஆள்கிட்டயும் பேசணும்னு நீங்க கேக்கறதுல அவரை ஒதுக்கறதா எதுவும் இல்லன்னு சொல்லிப் பாருங்க.

சப்போர்ட் குரூப்னா ஒரே மாதிரி கஷ்டத்துல இருக்கிறவங்க சேர்ந்து உக்கார்றது. கரு கலைஞ்சவங்க, விவாகரத்து ஆனவங்க, கேன்சர் சிகிச்சையில இருக்கிறவங்க, படுக்கையில கிடக்கிற அம்மாவைப் பாத்துக்கிறவங்கன்னு. பெரும்பாலும் பத்துப் பேர் அளவுல இருந்தா நல்லா நடக்கும். வட்டமா நாற்காலி போட்டிருப்பாங்க, நடத்துறவங்க ஆரம்பத்துல ரெண்டு விஷயம் சொல்வாங்க: இங்க பேசறது வெளிய போகக்கூடாது, கேக்காம யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக்கூடாது. அப்புறம் ஒவ்வொருத்தரா பேசுவாங்க. "இன்னிக்கு நான் பேசல, கேக்க மட்டும் வந்தேன்"னு சொன்னாலும் சரின்னு அடுத்தவங்ககிட்ட போயிடுவாங்க. அப்படியே உக்காந்திருக்கும்போது எதிர்ல ஒரு அம்மா, நீங்க யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்த அதே எண்ணத்தைச் சாதாரணமா சொல்லிட்டு கண்ணைத் துடைப்பாங்க. 'எனக்கு மட்டும்தான் இப்படி'ங்கிற நினைப்பு அந்த இடத்துல உடையும். குழு சிகிச்சையைப் பல வருஷம் ஆராய்ஞ்ச மனநல டாக்டர் இர்வின் யாலோம், குழு எப்படி ஆளை மாத்துதுன்னு 11 காரணம் சொன்னார், அதுல இதுவும் ஒண்ணு. இதெல்லாம் இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல, 1905-லயே பாஸ்டன்ல ஜோசப் பிராட்ங்கிற டாக்டர் காசநோய்க்காரங்களை வாராவாரம் ஒண்ணா உக்கார வச்சு வகுப்பு மாதிரி நடத்தியிருக்கார்.

தெரபி வேற. பயிற்சி எடுத்த ஒருத்தரும் நீங்களும் மட்டும், ஒரு தடவைக்கு 45, 50 நிமிஷம், உங்களோட எந்தப் பழக்கம், எந்த எண்ணம் உங்களைத் திரும்பத் திரும்ப அதே இடத்துல கொண்டு போய் விடுதுன்னு பாத்து அதை மாத்த வேலை செய்யறது. குரூப் தெரபின்னு நடுவுல ஒண்ணு இருக்கு, அது குழுவா உக்காந்தாலும் சிகிச்சைதான். உகாண்டா கிராமங்கள்ல 2002-ல ஒரு ஆய்வு நடந்துச்சு, அந்த ஊர்க்காரங்களுக்கே பயிற்சி குடுத்து, பெண்களுக்குத் தனியா ஆண்களுக்குத் தனியா 16 வாரம் குழு நடத்தினாங்க. முடிவுல குழுவுக்குப் போனவங்கள்ல கடுமையான மனச்சோர்வு 100-க்கு 7 பேருக்கும் குறைவாத்தான் மிச்சம் இருந்துச்சு, குழு நடக்காத கிராமங்கள்ல பாதிப் பேருக்கு மேல அப்படியே இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியும் பெரிய படிப்பும் இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

உங்க விஷயத்துல என் கருத்து, குரூப்பை ரெண்டாவதா வச்சுக்கோங்க. ஆறு மாசமா எதுலயும் ஒட்டுதல் இல்லன்னு சொல்றீங்க, அதை முதல்ல ஒரு டாக்டர்தான் பாக்கணும். போன ரெண்டு வாரத்துல தூக்கம், பசி, கவனம் எப்படி இருந்துச்சுன்னு ஒன்பது கேள்வி இருக்கிற ஒரு தாளைக் குடுப்பாங்க, மறைக்காம நிரப்புங்க. தைராய்டு, ரத்தசோகை ரெண்டுக்கும் ரத்தம் பாக்கச் சொல்லிக் கேளுங்க, இது ரெண்டும் மனச்சோர்வு மாதிரியே ஆளைப் படுத்தும். தெரபி ஆரம்பிச்சப்புறம் கூடவே குரூப்புக்கும் போகலாம், ஒண்ணு இன்னொண்ணுக்குத் தடை இல்ல.

கேள்வி: தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து அஞ்சு வாரம் ஆச்சு. குழந்தை தூங்கினாலும் இவ தூங்கறதில்ல, இருட்டுல உக்காந்து குழந்தை மூச்சு விடுதான்னே பாத்துக்கிட்டிருக்கா. "நான் நல்ல அம்மா இல்ல"ன்னு அழறா. பெரியவங்க எல்லாம் போகப் போகச் சரியாயிடும்ங்கிறாங்க.

பதில்: பெரியவங்க சொல்றது முதல் ரெண்டு வாரத்துக்குச் சரி. பிரசவம் ஆன மூணாவது நாலாவது நாள்ல வர்ற அழுகை பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும், தானா போயிடும். அஞ்சு வாரம் ஆகியும் இப்படின்னா காத்திருக்காதீங்க. குழந்தை தூங்கற நேரத்துலயும் தூக்கம் வரலங்கிறதுதான் எனக்குக் கவலையா இருக்கு. கர்ப்பமா இருக்கிறவங்க, புதுசா பிரசவம் ஆனவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மேல மனச்சோர்வு வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால இது அவளோட குணத்துல இருக்கிற குறைன்னு தயவுசெஞ்சு யாரும் பேச வேணாம். இதுக்குன்னே எடின்பர்க் அளவுகோல்னு பத்துக் கேள்வி இருக்கு, 1987-ல வந்தது, பிரசவம் பாத்த டாக்டர்கிட்டயே கேக்கலாம். தாய்ப்பால் குடுக்கும்போது எடுத்துக்கக்கூடிய மருந்தும் இருக்கு, அந்தப் பயத்துல டாக்டர்கிட்ட போகாம இருக்க வேணாம். புது அம்மாக்கள் குரூப் அப்புறமா ரொம்ப உதவும், ஏன்னா அவ மாதிரியே ராத்திரியில உக்காந்திருந்த நாலு பேர் அங்க இருப்பாங்க.

ஆனா இல்லாத குரல் கேக்குதுன்னாலோ, குழப்பமா சம்பந்தமில்லாம பேசினாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செஞ்சுடுவேன்னு சொன்னாலோ அது அவசரம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அவளையும் குழந்தையையும் தனியா விடாதீங்க.

கேள்வி: ஒரு குரூப்புக்கு ரெண்டு மாசமா போறேன். திரும்பி வரும்போது போனதை விட பாரமா இருக்கு. எனக்கு இது ஒத்து வரலியா?

பதில்: உங்களுக்கு ஒத்து வரலியா, இல்ல அந்தக் குரூப்பே சரியில்லையான்னு பாக்கணும். சில குரூப்ல எல்லாரும் அதே குறையை ஒவ்வொரு வாரமும் முதல்ல இருந்து சொல்வாங்க, மத்தவங்க "ஆமாமா, எனக்கும்தான்"ம்பாங்க, அதோட கலைஞ்சிடும். மனசுக்கு நெருக்கமா இருக்கும், ஆனா புண்ணைக் கிளறிக்கிட்டே இருந்தா எப்படி ஆறும்? அமாண்டா ரோஸ்ங்கிற ஆய்வாளர் 2002-ல சிறுவர் சிறுமிகளோட நட்பை வச்சு இதைத்தான் சொன்னாங்க, பிரச்சினையையே சேர்ந்து சேர்ந்து பேசறவங்களுக்கு நட்பும் இறுகுது, மனச்சோர்வும் பதட்டமும் கூடவே இருக்கு. பெரியவங்க கூட்டத்துலயும் இதை நான் நிறையவே பாக்கறேன். நல்லா நடத்துறவங்க ஒரு கட்டத்துல நிறுத்தி, "சரிம்மா, இந்த வாரம் இதுல ஒரு சின்ன விஷயம் என்ன பண்ணலாம்"னு கேப்பாங்க, அடுத்த வாரம் அது என்னாச்சுன்னும் கேப்பாங்க. உங்க குரூப்ல அந்தக் கேள்வியே வரலன்னா நீங்களே நடத்துறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க, மாறலன்னா வேற குரூப் தேடுங்க. துக்கத்துக்கான குரூப்ல ஆரம்பத்துல பாரமா இருக்கறது மட்டும் சகஜம், அதுக்குக் கொஞ்சம் நாள் குடுங்க.

கேள்வி: 47 வயசு. மாதவிடாய் தாறுமாறா வருது, எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். இது மனசா உடம்பா?

பதில்: ரெண்டுமா இருக்கலாம். மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் ஹார்மோன் ஏறி இறங்கும், அப்போ கோபம், பதட்டம், தூக்கமின்மை எல்லாம் வரும். மகப்பேறு டாக்டரை முதல்ல பாருங்க. முன்னாடி எப்பவாவது மனச்சோர்வு வந்திருந்தா மறக்காம சொல்லுங்க, அப்படிப்பட்டவங்களுக்கு இந்த வயசுல திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

கேள்வி: தெரபிஸ்ட்கிட்ட நாலு தடவை போயாச்சு. நான் பேசறேன், அவங்க தலையாட்டறாங்க, கேள்வி கேக்கறாங்க, அவ்வளவுதான். பணம் வீணா?

பதில்: பதில் சொல்லிடுவாங்கன்னு எதிர்பாத்துப் போனா அப்படித்தான் இருக்கும், உங்க வாழ்க்கையில என்ன முடிவெடுக்கணும்னு சொல்றது அவங்க வேலை இல்ல. ஆனா எதை நோக்கிப் போறோம், எந்த வழியில போறோம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கணும், கூடவே அவங்க மேல உங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும். தெரபி பலன் தருமான்னு சொல்றதுல இந்த மூணுக்கும் பெரிய பங்கு இருக்குன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு. நாலு தடவை ஆகியும் இது எதுவுமே பேசலன்னா நீங்க கேக்கறதுல தப்பே இல்ல. சொல்லாம கொள்ளாம நின்னுடாதீங்க, அடுத்த தடவை உக்காந்ததும் "நாம எதுக்காக வேலை செய்யறோம்னு எனக்குப் புரியல, மூணு மாசத்துல என்ன மாறியிருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க"ன்னு கேளுங்க. நல்ல தெரபிஸ்ட் இதைக் கேட்டா கோபப்பட மாட்டாங்க. மழுப்பினாங்கன்னா வேற ஒருத்தரைப் பாருங்க, ஆள் மாறினதும் பேச்சு வந்தவங்க எத்தனையோ பேர்.