மழைக்குப் பின் தானே ஓடும் வைப்பர்: மாட்யூலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். கடந்த மாதம் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில், வீட்டு வாசலில் உள்ள வேப்ப மரத்தடியிலேயே வண்டி நின்றது. அதன் பிறகு, சுவிட்சைத் தொடாமலேயே வைப்பர் ஓடுகிறது. சென்ட்ரல் லாக் நினைத்தால் வேலை செய்கிறது, இல்லையென்றால் இல்லை. இடது ஹெட்லைட் மினுக்குகிறது. செல்ஃப் எடுப்பதில் குறை இல்லை, இன்ஜினும் சீராக ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, பாடி கன்ட்ரோல் மாட்யூல் போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹெட்லைட்டில் அதிக வெளிச்சம் தரும் பல்புகளைப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்யூலை மாற்றிவிடலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: இப்போதே மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் மாட்யூல் பழுதுக்கான அறிகுறிகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அதே அறிகுறிகளை மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பின் ஒரு துருப்பிடித்த போல்ட்டும், ஈரம் ஏறிய ஒரு கனெக்டரும் அப்படியே காட்டும்.

விளக்குகள், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றுக்கு முன்பு சுவிட்சிலிருந்து நேராக வயர் போகும். இப்போதைய கார்களில் சுவிட்ச் ஒரு விண்ணப்பத்தை மட்டுமே கொடுக்கிறது. அதைப் படித்து, எதற்கு மின்சாரம் விடுவது என்று முடிவு செய்வது பாடி கன்ட்ரோல் மாட்யூல். மற்ற மாட்யூல்களோடு அது பேசுவது ‘கேன்’ எனப்படும் இரட்டை வயர்த் தடத்தில். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. இப்படி எல்லாம் ஓரிடத்தில் குவிந்திருப்பதால், அந்தப் பெட்டிக்குள் போகும் மின்சாரமோ எர்த்தோ சற்றுத் தளர்ந்தாலும், தொடர்பில்லாத நாலைந்து பழுதுகள் ஒரே நாளில் வந்தது போலத் தோன்றும். அதனால்தான் பெட்டியின் மீது எளிதில் பழி விழுகிறது.

முதலில் உங்கள் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: வைப்பர் தானாக ஓடும்போது ஸ்கேனரின் லைவ் டேட்டாவில், அதாவது அந்த நொடியின் நிலையைக் காட்டும் பகுதியில், வைப்பர் சுவிட்ச் ‘ஆன்’ என்று வருகிறதா, ‘ஆஃப்’ என்று வருகிறதா? ‘ஆன்’ என்று வந்தால், சுவிட்சிலிருந்தோ அதன் வயரிங்கிலிருந்தோ மாட்யூலுக்குப் பொய்யான தகவல் போகிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். ‘ஆஃப்’ என்று வந்தும் வைப்பர் ஓடினால், ரிலே எனப்படும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மாட்யூலின் வெளியீடு கெட்டிருக்கலாம். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பழுதுக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது சரியான வேலை ஆகாது. உதாரணமாக U0140 என்ற குறியீடு, இந்த மாட்யூலோடு தொடர்பு அறுந்தது என்று மட்டுமே சொல்கிறதே தவிர, மாட்யூல் கெட்டது என்று சொல்லவில்லை.

அடுத்து எர்த். ஹெட்லைட், ஏசி ஃபேன் இரண்டையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை மாட்யூல் கனெக்டரின் எர்த் பின்னிலும் வைத்துப் பார்த்தால், 0.1 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் ஏறினால் எர்த் வயரையும் அது பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் இடத்தையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். மாட்யூலுக்கு மின்சாரம் பல ஃபியூஸ்களின் வழியாகப் பிரிந்து வருகிறது என்பதால் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும், அதையும் டெஸ்ட் லேம்ப் கொண்டு பார்ப்பது நல்லது. ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டிவிடும், ஆனால் விளக்கை எரிக்காது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது வேப்ப மரம். வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடிக்குள் மழைநீர் வடிய வழிகள் உண்டு. சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, காற்று உள்ளே வரும் வழியாக டேஷ்போர்டுக்குள் இறங்கும். ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் இதே கதிதான். பல சிறிய கார்களில் மாட்யூல், டிரைவர் பக்கம் டேஷ்போர்டின் கீழ், ஃபியூஸ் பெட்டியை ஒட்டியே இருக்கிறது. மிதியடிக் கம்பளத்தைத் தூக்கி அதன் அடியில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பின்பு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாட்யூலின் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் நோய் அங்கேதான். எலி கடித்த தடயம் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஹெட்லைட் பல்பைப் பற்றி நீங்களே சொன்னது நல்லதாயிற்று. வழக்கமான எச்-4 பல்பு 60/55 வாட். 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். கடைகளில் கிடைக்கும் 100/90 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தனி ரிலே இல்லாமல் மாட்யூலே நேராக விளக்கை எரியவிடும் கார்களில், அந்தக் கூடுதல் சுமை முழுவதும் உள்ளே இருக்கும் சிறு மின்னணுச் சுவிட்சின் தலையில்தான் விழுகிறது. புது மாட்யூல் போட்டாலும், அந்தப் பல்புகள் இருக்கும் வரை அதற்கும் அதே கதி வரலாம். பழைய அளவு பல்புக்கே திரும்பிவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, மாட்யூல்தான் குற்றவாளி என்று உறுதியானால் மாற்றலாம். பழைய பெட்டியிலுள்ள பாக எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டு வாங்குங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும், விலை குறைந்த வகைக்கும் உயர்ந்த வகைக்கும் உள்ளே வேறுபாடு இருக்கும். கழற்றுவதற்கு முன், பழைய மாட்யூலின் அமைப்புத் தகவல்களை ஸ்கேனரில் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதியதைப் பொருத்துவது அரை வேலைதான். 17 இலக்க வாகன அடையாள எண்ணையும் வண்டியின் வசதிகளையும் அதில் எழுத வேண்டும், பதிந்த சாவிக்கு மட்டுமே இன்ஜினைக் கிளம்பவிடும் இம்மொபிலைசர் அதிலேயே இருக்கும் கார் என்றால் சாவிகளையும் பதிய வேண்டும். வீட்டிலுள்ள மாற்றுச் சாவியையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பல கார்களில், பதியும் நேரத்தில் முன்னே இல்லாத சாவி செல்லாததாகிவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தளர்ந்தால் புது மாட்யூலே முடங்கிவிடக்கூடும் என்பதால், வேலை முடியும் வரை சார்ஜர் இணைப்பில் இருக்க வேண்டும்.

கேள்வி: என் காரின் மாட்யூல் கெட்டது உறுதியாகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழைய மாட்யூல் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கி மாட்டலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: வாங்கியவுடன் மாட்டி ஓட்டிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள், அம்மா. அந்தப் பெட்டியில் வேறொரு வண்டியின் எண்ணும் வேறொருவரின் சாவியும் பதிந்திருக்கும். இம்மொபிலைசர் உங்கள் சாவியை ஏற்காமல் இன்ஜின் கிளம்பாது, அல்லது கிளம்பியவுடன் அணைந்துவிடும். உங்கள் பழைய மாட்யூலின் நினைவகம் படிக்கக்கூடிய நிலையில் இருந்தால், அதிலுள்ள தகவலை அப்படியே இதற்கு மாற்ற அனுபவமுள்ள எலக்ட்ரானிக்ஸ் நிபுணர்களால் முடியும். அதைச் செய்து தருபவர் யார் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகமாக இருந்தால் சில மாதங்களில் உங்களைக் கைவிடும் என்பதால், கனெக்டர் பின்களை வெளிச்சத்தில் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் பழைய போர்டைப் பழுது பார்க்க முடியுமா என்பதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன். கெட்டது ஒரு ரிலேயாகவோ விளக்கு, மோட்டார் போன்றவற்றுக்கு மின்சாரம் விடும் ஒரு டிரைவர் சிப்பாகவோ இருந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். சாவியும் பதிவுகளும் அப்படியே இருக்கும்.

கேள்வி: மாட்யூல் மாற்றிய பிறகு, இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது மாட்யூலும் பழுதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை, அமைப்பு சரியாக எழுதப்படாததால் மாட்யூல் உறங்கப் போகாமல் இருக்கலாம். பூட்டி நிற்கும் கார் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் எடுக்க வேண்டும். அரை ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் போய்விடும். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு நாளில் இறங்குவது அந்தக் கணக்குக்கு ஒத்துத்தான் வருகிறது. வண்டியைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து, குறைந்தது அரை மணி நேரம் கழித்து அளக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேடினால் அந்த அசைவிலேயே மாட்யூல் விழித்துக்கொள்ளும் என்பதால், ஃபியூஸின் இரு முனைகளுக்கிடையே மில்லி வோல்ட் பார்த்து எந்தத் தடத்தில் மின்சாரம் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதே சரியான முறை. அதற்கு முன், எல்லாக் கதவுகளும் டிக்கியும் மூடியிருக்கும்போது ஸ்கேனர் அவற்றை மூடியதாகவே காட்டுகிறதா என்று பாருங்கள்; ஒரு கதவு திறந்திருப்பதாக மாட்யூல் நினைத்தால், அது இரவு முழுவதும் விழித்தே இருக்கும்.