புதுசா என்ன வந்திருக்கு?

வணக்கம் சார்,

சிவகங்கைப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள், அவர்கள் கிளம்பியதும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள், மாத நாவல் எடுத்துப்போகும் ஒரு அக்கா, 'பொன்னியின் செல்வ'னையே திரும்பத் திரும்ப எடுக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். என் வாசகர்கள் இவ்வளவுதான். "புதுசா என்னம்மா வந்திருக்கு, நல்லதா ஒண்ணு சொல்லு" என்று இவர்களில் யாராவது கேட்டால் முழிக்கிறேன். எல்லாவற்றையும் நானே படித்துவிட்டுச் சொல்ல நேரம் இல்லை. துணிந்து ஒன்றைச் சொன்னாலும் "அந்தம்மா அவங்க கட்சிப் புத்தகமாத்தான் எடுத்துக் கொடுக்கும்" என்று பேச்சு வருகிறது. சமீபத்தில் வந்தவற்றில் பத்து நாவல், பத்து கட்டுரை நூல் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? பெயர் போட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் தரப்போவதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஆளுக்கொரு பட்டியல் வருகிறது. போட்டவரின் நண்பர்கள் யார் யார் என்று அதில் தெரிந்துகொள்ளலாம். உங்கள் கண்டக்டர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் பரீட்சைக்கு எழுதித்தானே வேலைக்கு வந்திருப்பீர்கள். அந்தச் சீர்காழிக்காரர் 1931இல் எழுதியதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். நீங்கள் கேட்கும் பரிந்துரை வேலை முழுக்க அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. அலமாரியில் எடுக்க ஆளில்லாமல் நிற்கும் புத்தகத்துக்கு ஊரில் ஆள் தேடுவது.

அமெரிக்க நூலகர்கள் இதைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். சியாட்டில் நகரில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் இதில் பேர்போனவர். ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நான்கு வாசல்களில் ஒன்றின் வழியாக நுழைகிறார் என்பார்: கதை, மனிதர்கள், இடம், மொழி. எந்த வாசல் அவருடையது என்று தெரிய வேண்டுமானால், "என்ன மாதிரி புத்தகம் வேண்டும்?" என்று கேட்டுப் பயனில்லை. அது யாருக்கும் சொல்லத் தெரியாது. "கடைசியா படிச்சதுல எது பிடிச்சுது, அதைப் பத்திச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டு, அவர் எதைப் பேசுகிறார் என்று கவனிக்க வேண்டும்.

கண்டக்டரையே எடுத்துக்கொள்வோம். அவர் பொன்னியின் செல்வன் பிரியர், ஆகவே இன்னொரு ராஜா கதை என்று நாம் நீட்டிவிடுவோம். அவசரப்படாதீர்கள். வந்தியத்தேவன் எப்படித் தப்பித்தான் என்று அவர் பேசினால் அவருக்கு வேண்டியது விறுவிறுப்பு. நல்ல துப்பறியும் நாவல்கூடச் சரிப்படும். ஆனால் "ஆதித்த கரிகாலனை நிஜமாவே யார் கொன்னாங்க?" என்று கேட்கிற ஆளாக இருந்தால் அவர் வேறு ரகம். அவருக்கு மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'யைக் கொடுங்கள். 2022இல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட உங்கள் சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரின் கதை. சோழநாட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் மனுஷனுக்குச் சொந்த ஊர் மன்னர் கப்பலேறிய கதை தெரிய வேண்டாமா? கல்கியின் வேகம் அதில் இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் மறுநாளே திரும்பி வரும்.

குரூப் 4 பிள்ளைகளைத் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களாக மட்டுமே நீங்கள் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்த நல்ல வாசகர்கள் அவர்கள்தான் என்பேன். வ.உ.சி. கைதானது எந்த ஆண்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் 1908 என்பார்கள். அதற்கு மறுநாள், மார்ச் 13 அன்று, திருநெல்வேலி கொந்தளித்ததும் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்ததும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' அதைப் பற்றியதுதான். 2024இன் அகாதமி விருது அதற்கு. கட்டுரை நூல் என்றதும் மிரள வேண்டாம். கைடு புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது இங்கே ஊரும் தெருவும் ஆட்களுமாக விரிகிறது.

இன்னொன்று. 'யாதும் ஊரே' அவர்களுக்கு மனப்பாடம். அதே பாட்டில் வரும் 'நீர்வழிப் படூஉம்' என்ற தொடரைத் தலைப்பாக வைத்து தேவிபாரதி எழுதிய நாவல் 2023இல் விருது பெற்றது. கொங்குநாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் ஒரு சாவு, அதற்குக் கூடும் உறவுகள், அவர்களின் பழைய கணக்குகள். கதை வேண்டும் என்று வருகிறவருக்கு இது ஆகாது. மனிதர்களைப் பார்க்க வருகிறவருக்கு இதைவிட நல்லது சமீபத்தில் குறைவு.

பேப்பர் படிக்கும் பெரியவர்களில் கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர் யாராவது நிச்சயம் இருப்பார். அவருக்கு சோ. தர்மனின் 'சூல்'. உருளைக்குடிக் கண்மாயும், அதைப் பேணி வந்த சனங்களும், அது சீரழிந்த விதமும். பெரிய புத்தகம்தான். கையில் கொடுத்து "இதுல தப்பா எழுதியிருந்தா சொல்லுங்கய்யா" என்று சொல்லிப் பாருங்கள். விடமாட்டார். கீழடி பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு, நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று பேசும் டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' தமிழிலேயே கிடைக்கிறது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் பரிந்துரையில் சேர்த்தி. இமையத்தின் 'செல்லாத பணம்' நான் மதிக்கும் நாவல். ஆனால் அதன் பெரும்பகுதி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நடக்கிறது. வீட்டில் அப்படி ஒரு சாவைப் பார்த்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு, உங்களுக்கும் அவர்களைத் தெரிந்திருக்கும். விருது வாங்கிய புத்தகம் என்று அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஊரை அறிந்த நூலகருக்கு மட்டுமே முடிகிற காரியம் இது.

கட்சிப் பேச்சைப் பற்றி. "நல்ல புத்தகம்" என்று நீங்கள் சொன்னால்தான் யாருக்கு நல்லது என்ற கேள்வி எழுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் இரண்டு வாக்கியம் சொல்லி, வேறு வேறு தினுசில் இரண்டை மேசைமேல் வையுங்கள். அவர் எடுத்துக்கொள்ளட்டும். அப்படியும் பேசுகிறவர்கள் பேசுவார்கள். நம் ஊரில் டீக்கடையில் எந்தப் பேப்பர் வாங்குகிறார்கள் என்பதற்கே கட்சி பார்க்கிறார்கள்.

படிக்க நேரம் இல்லை என்பது நியாயம்தான். முன்னுரையும் முதல் அத்தியாயமும் படித்தாலே அந்த இரண்டு வாக்கியம் சொல்லிவிடலாம். மிச்சத்துக்கு, புத்தகத்தைத் திருப்பித் தருகிறவரிடம் "முழுசா படிச்சீங்களா, எங்க விட்டீங்க?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்தவருக்குச் சொல்ல உதவும். பாதியில் விட்டவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். நான்சி பேர்ல் கணக்குப்படி ஐம்பது பக்கம் பார்த்தால் போதும். ஐம்பது வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்தோடு எழுந்துவிடலாம்.

நான் சொன்னவற்றில் சில வந்து சில வருடம் ஆகிவிட்டது, அதற்காக ஒதுக்க வேண்டாம். புத்தகம் வெளியாகி, நூலகங்களுக்கு வாங்க அரசின் நூலக ஆணை கிடைத்து, கட்டுப் பிரித்து உங்கள் அலமாரிக்கு வருவதற்குள் நகரத்து வாசகர் அதை மறந்தே போயிருப்பார். இல்லாதவற்றை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அல்லது புரவலர் யாரிடமாவது இந்த இரண்டு மூன்று பெயரைச் சொல்லுங்கள். என் புத்தகங்கள் உங்களிடம் இருந்தால் கேட்டு வருகிறவருக்கு மட்டும் கொடுங்கள், வலியத் தர வேண்டாம்.

மாத நாவல் அக்காவைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தயக்கத்தோடு எழுதியது போலத் தோன்றியது. அவருக்கு அடுத்த மாத நாவலை எடுத்து வையுங்கள்.